திட்டத்தில் எழுதாத நியாயம் பிறகு வராது

(நாவுலவில் நடைபெற்ற தோட்டக் கமிட்டித் தலைவர், தலைவியர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கூட்டம் தொடங்குவதற்கு முன்னர் வாசலில் ஓர் அம்மா கேட்டார்: "டீச்சர், இன்னைக்கு கரண்டப் பத்திப் பேசப் போறீங்களாமே. சம்பளப் பேச்சு என்னாச்சு?" நியாயமான கேள்விதான். சம்பளப் பேச்சு எங்கும் போகவில்லை. கையில் வாங்குகிற சம்பளத்தில் கரண்ட் பில்லுக்கு எவ்வளவு போகிறது என்பதும் சம்பளப் பேச்சுத்தான். அடுத்த இருபது வருடங்களுக்கு இந்த நாட்டில் மின்சாரம் எங்கே, எதிலிருந்து, யாருடைய நிலத்தில் உற்பத்தியாகப் போகிறது என்று இப்போது கொழும்பில் திட்டம் போடுகிறார்கள். அந்தத் திட்டத்தில் நம்முடைய பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் இன்றைய பேச்சு.

நாம் எந்த இடத்தில் உட்கார்ந்து இதைப் பேசுகிறோம் என்பதை முதலில் பாருங்கள். இங்கிருந்து எலஹெர பாதையில் போனால் மொரகஹகந்த அணைக்கட்டு. அங்கே 2018 முதல் 25 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். அதற்கு மேலே போவத்தென்ன மின்நிலையம் 1981இலிருந்து ஓடுகிறது. அதற்கும் மேலே உக்குவெல, 1976இலிருந்து. மூன்றும் நம்முடைய மாத்தளை மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? தலவாக்கலைப் பக்கத்து மலைகளில் பெய்கிற மழை கொத்மலை ஓயாவில் சேர்கிறது. முதலில் மேல் கொத்மலை மின்நிலையத்தைச் சுற்றிவிட்டுக் கீழே வருகிறது. பிறகு கொத்மலை மின்நிலையம். மகாவலியோடு சேர்ந்து பொல்கொல்ல வரை வந்ததும் அதில் ஒரு பங்கைச் சுரங்கப்பாதை வழியாக மாத்தளைப் பக்கம் திருப்புகிறார்கள். அந்தத் தண்ணீர் உக்குவெலயில் சுற்றி, சுது கங்கையில் விழுந்து, அம்பன் கங்கைக்கு வருகிறது. போவத்தென்னவில் ஒரு பகுதி கலாவெவப் பக்கம் வயல்களுக்குப் போகிறது. மீதி போவத்தென்ன மின்நிலையத்தையும் மொரகஹகந்தவையும் சுற்றிவிட்டுப் போகிறது. கொழுந்து மலையில் நம்முடைய பெண்கள் கொங்காணியைப் போட்டுக்கொண்டு நனைகிற அதே மழை, ஐந்து இடங்களில் மின்சாரமாகிறது.

இதுதான் சுத்தமான சக்தி. கரி இல்லை, புகை இல்லை, டொலர் கொடுத்துக் கப்பலில் கொண்டுவர வேண்டியதில்லை. இப்போது உலகம் முழுவதும் பேசுகிற இந்தச் சக்தி மலையகத்துக்குப் புதியதல்ல. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மஸ்கெலிய ஓயாவிலும் கெஹெல்கமு ஓயாவிலும் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே சொன்னவர். பழைய லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்கள் அறுபதுகளில் வந்தன. பழைய மஸ்கெலியா நகரமே தண்ணீருக்குள் போனது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் அந்தப் பழைய கோயில் இன்றைக்கும் வெளியே தெரியும்.

ஆனால் லயத்துக்கு வெளிச்சம் எப்போது வந்தது? மலையில் பிறந்த மின்சாரம் கம்பியில் ஏறிக் கொழும்புக்குப் போனது. ஸ்டோருக்கு வந்தது, துரை பங்களாவுக்கு வந்தது. லயத்துக்கு வரப் பல தசாப்தங்கள் எடுத்தன. இந்த மண்டபத்தில் முப்பது வயதைத் தாண்டியவர்கள் கையை உயர்த்துங்கள். நம்மில் எத்தனை பேர் குப்பி விளக்கில் படித்தோம்? பாருங்கள், பாதிக்கு மேல். மண்ணெண்ணெய்ப் புகையில் மூக்கு கறுத்துப் பள்ளிக்கூடம் போன தலைமுறை நாங்கள். தலைக்கு மேலேயே மின்கம்பி போனது.

யாரோ வேண்டுமென்றே கெடுதல் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அணை எங்கே, சுரங்கம் எங்கே, கம்பி எந்த வழியால் போகும் என்பதெல்லாம் திட்டத்தில் எழுதப்பட்டன. லயத்துக்கு விளக்கு என்று ஒரு வரி எழுதப்படவில்லை. எழுதப்பட்டது நடந்தது. எழுதப்படாதது நடக்கவில்லை. இன்றைய பேச்சின் சாரம் இதுதான்.

பில் சொன்ன பாடம்

2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். டீசல் வாங்க டொலர் இல்லை. 2023 தை மாதம் உயர்தரப் பரீட்சை நடந்தபோதும் தினமும் இரண்டு மணிநேரத்துக்கு மேல் வெட்டு. நம்முடைய பிள்ளைகள் மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு படித்தார்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் வெட்டு நின்றது. அதே நேரத்தில் பில் ஏறியது.

கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டில் மாதம் 30 அலகு பாவிக்கிறார்கள் என்று வையுங்கள். இரண்டு பல்ப், ஒரு டீவி, போன் சார்ஜர். 2022 ஓகஸ்டுக்கு முன்னர் ஓர் அலகு 2 ரூபா 50 சதம், நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. ஓகஸ்டில் அது 360 ரூபா ஆனது. 2023 பெப்ரவரியில் ஓர் அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. மொத்தம் 1300 ரூபா. அன்றைக்கு நம்முடைய நாட்சம்பளம் 1000 ரூபா. இரண்டு பல்ப் எரிப்பதற்கு ஒரு நாள் முழுக்க மலை ஏறி இறங்கினாலும் போதவில்லை.

பிறகு பல தடவை கட்டணம் குறைக்கப்பட்டது. 2025 ஜூன் மாற்றத்துக்குப் பின்னர் அதே 30 அலகுக்கு 215 ரூபா வந்தது. குறைந்தது நல்லதுதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மின்சார சபைக்கு நெருக்கடி வந்தபோது, விகிதத்தில் பார்த்தால் மிக அதிகமாக ஏறியது ஆகக் குறைவாகப் பாவிக்கிறவரின் பில்தான். 105 ரூபா 1300 ரூபா ஆவதென்றால் பன்னிரண்டு மடங்கு. பெரிய வீட்டுக்காரருக்கு அப்படி ஏறவில்லை.

ஆகவே இறக்குமதி நிலக்கரியிலும் எண்ணெயிலும் தங்கியிருப்பதை விட்டுச் சூரியன், காற்று, தண்ணீர் என்று போவது நமக்கும் நல்லதுதான். அதை நாம் எதிர்க்கப் போவதில்லை. 2030ஆம் ஆண்டளவில் மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க சக்தியிலிருந்து எடுப்பது, புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை, 2050இல் காபன் சமநிலை. இவை அரசாங்கத்தின் கொள்கை. இதை வைத்து மின்சார சபை இருபது வருடங்களுக்கான உற்பத்தி விரிவாக்கத் திட்டம் தயாரித்தது. எந்த ஆண்டில் எத்தனை மெகாவாட் சூரியசக்தி, எத்தனை மெகாவாட் காற்று, எத்தனை பெட்டரி, எல்லாம் அட்டவணையாக இருக்கிறது.

மெகாவாட்டுக்கு அட்டவணை இருக்கிறது. மனிதருக்கு அப்படியொரு அட்டவணை வேண்டும் என்பதுதான் நம்முடைய கோரிக்கை.

நியாயமான மாற்றம் என்ற சொல்

உலகத்தில் இதற்கு "நியாயமான மாற்றம்" என்று பெயர். இது கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்த சொல் என்று நினைக்க வேண்டாம். தொழிற்சங்கத்தின் பிள்ளை இது. அமெரிக்காவில் எண்ணெய், இரசாயனத் தொழிலாளர் சங்கத்தில் டோனி மசோக்கி என்றொரு தலைவர் இருந்தார். நச்சுத் தொழிற்சாலைகளை மூட வேண்டும் என்பதை அவர் ஏற்றுக்கொண்டார். ஆனால் அங்கே வேலை செய்தவன் ஏன் நடுத்தெருவில் நிற்க வேண்டும் என்று கேட்டார். அவர் இரண்டாம் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்குப் படிப்புச் செலவு கொடுத்த அரசு, நாட்டுக்காக வேலையை இழக்கிற தொழிலாளிக்கும் அப்படிக் கொடுக்க ஒரு நிதியம் வைக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்தக் கருத்து வளர்ந்து, 2015இல் பாரிஸ் காலநிலை உடன்படிக்கையின் முன்னுரை வரைக்கும் போனது. சர்வதேச தொழிலாளர் தாபனமும் அதே ஆண்டு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது.

மின்சாரம் கொடுக்கிற நிறுவனம் எதுவானாலும், அதன் திட்டம் நியாயமானதா என்று பார்க்க நான்கு கேள்விகள் போதும். வேலையை இழப்பது யார்? நிலத்தைக் கொடுப்பது யார்? செலவைக் கட்டுவது யார்? இலாபம் யாருக்கு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வேலை

தென்னாபிரிக்காவில் எஸ்கொம் என்ற அரச மின்நிறுவனம் கோமாட்டி என்ற நிலக்கரி மின்நிலையத்தின் கடைசி இயந்திரத்தை 2022 ஒக்டோபர் 31ஆம் திகதி நிறுத்தியது. சூரியசக்தி, காற்று, பெட்டரி, பயிற்சி என்று உலக வங்கியின் பணத்தோடு பெரிய திட்டம். நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தக்காரர்களின் கீழ் வேலை செய்தவர்களுக்கு வேலை போனது. நிலையத்தை நம்பிக் கடை வைத்தவர், வாடகைக்கு அறை விட்டவர் எல்லோரும் விழுந்தார்கள். புதிய வேலைகள் வருவதற்கு முன்னர் பழைய வேலை போய்விட்டது. ஊர் மக்களிடம் போதுமான அளவு பேசாமல் செய்தார்கள் என்று அந்த நாட்டின் ஜனாதிபதி காலநிலை ஆணைக்குழுவே பின்னர் எடுத்துச் சொன்னது.

இதைக் கேட்கும்போது நமக்கு என்ன நினைவு வருகிறது? பேர் பதிந்தவருக்கு ஒரு கணக்கு, கைக்காசுக்கு வேலை செய்கிறவருக்கு ஒரு கணக்கு. ஊழியர் சேமலாப நிதி இருப்பவர் பட்டியலில் இருப்பார். இல்லாதவர் பட்டியலிலேயே இல்லை. தோட்டத்தில் நாம் பார்ப்பதைத்தான் கோமாட்டியில் அவர்கள் பார்த்தார்கள்.

ஸ்பெயினில் வேறு மாதிரிச் செய்தார்கள். 2018இல் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்படுவதற்கு முன்னரே அரசும் தொழிற்சங்கங்களும் ஒப்பந்தம் எழுதின. வயது கூடியவருக்கு முன்கூட்டிய ஓய்வூதியம், இளையவருக்குப் பயிற்சி, சுரங்கம் இருந்த ஊருக்கு முதலீடு. 2020இல் நிலக்கரி மின்நிலையங்களுக்கும் அப்படியே. அரசாங்கம், மூன்று பெரிய மின்கம்பெனிகள், தொழிற்சங்கங்கள், மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டன. கூட்டு ஒப்பந்தம் என்றால் என்ன, அது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நம்முடைய நாட்டில் நிலக்கரி நிலையம் ஒன்றுதான். நுரைச்சோலை, 900 மெகாவாட். அது நாளைக்கே மூடப்படப் போவதில்லை. ஆகவே அங்கே வேலை செய்கிறவர்களுக்கு, சபையின் ஊழியர்களுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும், இப்போதே எழுதி வைக்க நேரம் இருக்கிறது. இன்னொரு பக்கத்தில் மின்சார சபையையே பிரிக்கச் சட்டம் வந்தது. 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம், பிறகு 2025இல் வந்த திருத்தச் சட்டம். உற்பத்தி, செலுத்துகை, விநியோகம் என்று தனித்தனி அரச கம்பெனிகள். 2025 செப்டெம்பரில் சபை ஊழியர்கள் போராடினார்கள். "அவங்க சம்பளம் பெரிசு, நமக்கென்ன" என்று நம்மில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அப்படிப் பேசக்கூடாது. 1992இல் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்தபோது வேலை நாட்களும் வீடும் காணியும் எந்த அளவுக்கு எழுத்தில் இருந்தன என்று நமக்குத் தெரியும். எழுத்தில் இல்லாததை இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த அனுபவத்தை அவர்களுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

நிலம்

இரண்டாவது கேள்வி, நிலம். மேல் கொத்மலைத் திட்டத்துக்காக தலவாக்கலையில் ஏறத்தாழ 500 குடும்பங்கள் இடம் மாறின. அதில் தோட்ட மக்களும் இருந்தார்கள். மலையகத்தில் எதிர்ப்பு எழுந்தது. சென் கிளேயர் நீர்வீழ்ச்சி பற்றிய சண்டை பல வருடங்கள் நடந்தது. கடைசியில் 150 மெகாவாட் நிலையம் 2012இல் இயங்கியது. குறைகள் இருந்தாலும், மாறிப்போனவர்களுக்கு வேறு வீடு கிடைத்தது. ஏனென்றால் கடன் கொடுத்த ஜப்பானின் நிபந்தனையிலும் திட்டப் பத்திரத்திலும் மீள்குடியேற்றம் எழுதப்பட்டிருந்தது. 1950இன் லக்சபானவையும் 2012இன் தலவாக்கலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நடுவில் நம்முடைய சத்தம் இருக்கிறது. அந்தச் சத்தம் எழுத்தாக மாறியது.

இங்கே மொரகஹகந்தவுக்காகவும் நாவுல, லக்கல பக்கத்துக் கிராமங்கள் எழும்பின. பெரும்பாலும் சிங்களக் குடும்பங்கள். வயலையும் தோட்டத்தையும் விட்டு களுகங்கைப் பக்கம் போய்ப் புதிய நிலத்தில் தொடங்கினார்கள். அவர்களுக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் காணிக்குக் காணி என்று கேட்க முடிந்தது. லயத்துக் காம்பராவில் நாலு தலைமுறையாக இருக்கிறவருக்குக் கையில் உறுதி இல்லை. உறுதி இல்லாதவர் எந்தக் காணிக்கு நட்டஈடு கேட்பார்? ஆகவே நம்முடைய காணி உரிமைப் போராட்டமும் இந்தச் சக்திப் பேச்சும் ஒன்றோடொன்று பின்னியவை.

மன்னாரையும் நினைத்துப் பார்ப்போம். 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். இருநூறு வருடங்களுக்கு முன்னர் நம்முடைய பாட்டன் பூட்டன் நடந்து வந்த திசையில், வழியில் செத்தவர்களை நினைத்து நடந்தார்கள். அந்த மன்னார்த் தீவில் இன்று காற்றாலைகள் நிற்கின்றன. மின்சார சபை கட்டிய தம்பபவனி 30 காற்றாடிகளோடு 103.5 மெகாவாட். மேலும் காற்றாலைகள் வருகின்றன என்றதும் 2025 ஓகஸ்டில் மன்னார் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மீன்பிடி, மழைவெள்ளம் வடியாமை, தீவின் நிலம் என்று அவர்கள் அடுக்கிய காரணங்களை இங்கே தீர்ப்புச் சொல்லாமல் ஒன்றை மட்டும் சொல்வோம். காற்றாடி ஏற்றிய லொறி ஊருக்குள் வரும்போது நடக்கிற பேச்சு, திட்டம் எழுதும்போதே நடந்திருக்க வேண்டும்.

நம்முடைய தோட்டங்களிலும் இது வரும். வந்திருக்கிறது. மினி ஹைட்ரோ என்று ஓடைகளை மறிக்கிறார்கள். கைவிடப்பட்ட தேயிலை, இறப்பர் நிலத்தில் சோலர் என்று பேச்சு நடக்கிறது. பகல் மின்சாரத்தைச் சேமிக்க மலை மேலே தண்ணீரை ஏற்றி வைக்கிற 600 மெகாவாட் மஹா ஓயா திட்டமும் பத்திரத்தில் இருக்கிறது. மறுபடியும் மலை, மறுபடியும் தண்ணீர். தோட்டத்து ஓடையில் மின்சாரம் எடுத்து விற்கும்போது அந்த ஓடையில் குடிக்கவும் குளிக்கவும் செய்கிற மக்களுக்கு அதில் என்ன பங்கு என்று யார் கேட்டிருக்கிறோம்?

பில்லும் கூரையும்

மூன்றாவது கேள்வி செலவு. நான்காவது இலாபம். இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம், ஏனென்றால் இரண்டும் லயத்துக் கூரைக்குக் கீழேயே இருக்கின்றன.

நாங்கள் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகும்போது பார்த்திருக்கிறோம். சில லயங்களில் ஐந்து குடும்பத்துக்கு ஒரே மீட்டர். ஒருவருடைய பெயரில், அல்லது தோட்டத்தின் பெயரில். வயரை இழுத்து இழுத்து எல்லோரும் எடுக்கிறார்கள். குடும்பத்துக்கு 30 அலகு என்றால் மீட்டரில் 150 அலகு. குறைந்த பாவனைக்கான சலுகைக் கட்டணம் 60 அலகு வரைக்கும்தான். அதைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே கூடிய விலை. அதாவது ஐந்து ஏழைக் குடும்பங்கள் சேர்ந்து, சட்டத்தின் கண்ணில் ஒரு வசதியான வீடாகிவிடுகின்றன. ஏழைக்கென்று வைத்த சலுகை ஏழைக்குப் போய்ச் சேரவில்லை. பில்லைப் பங்கு போடும்போது அண்ணன் தம்பிக்குள் சண்டை. தீப்பிடிக்கிற ஆபத்து வேறு.

இப்போது கூரை. சோலர் பூட்டியவர் கரண்டை விற்கலாம். 2016இல் தொடங்கிய சூரிய பல சங்கிராமயத் திட்டத்தில் முதல் ஏழு வருடத்துக்கு ஓர் அலகுக்கு 22 ரூபா கொடுத்தார்கள். நல்ல திட்டம்தான். நாட்டில் சூரியசக்தி வளர்ந்ததற்கு அதுதான் காரணம். ஆனால் யாரால் பூட்ட முடிந்தது? சொந்தக் கூரை, காணி உறுதி, வங்கிக் கடன் மூன்றும் உள்ளவரால். லயத்துக்காரரிடம் மூன்றும் இல்லை. தகரத்துக்கு மேலே கல்லை வைத்திருக்கிற கூரை அது. ஆனால் அந்த மின்சாரத்தை வாங்குகிற செலவு எல்லோருடைய பில்லிலும் சேர்கிறது. கூரை இல்லாதவரும் கட்டுகிறார், கூரை உள்ளவர் வாங்குகிறார்.

திட்டமில்லாமல் வளர்ந்தால் இன்னொரு சிக்கலும் வரும். 2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடு முழுக்க இருண்டது. கேட்கிறவர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பாவனை குறைவு, வெயில் அதிகம், அமைப்பில் சூரியசக்தியின் பங்கு அதிகம். அந்த நேரத்தில் ஓர் அடி விழுந்தால் தாங்குகிற பலம் குறைந்திருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சோலர்களைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று சபையே கேட்டது. பகலில் இருப்பதை இரவுக்குச் சேர்த்து வைக்கப் பெட்டரியும் நீரேற்று நிலையமும் வேண்டும். அதற்கும் பணம் வேண்டும். அந்தப் பணம் மறுபடியும் 30 அலகுக்காரரின் தலையில் விழுமா என்பதுதான் அடுத்த ஐந்து வருடத்தின் கேள்வி.

வழி இல்லாமல் இல்லை. இந்தியாவின் உதவியில் நாட்டில் 5000 மத வழிபாட்டிடங்களின் கூரையில் சோலர் பூட்டும் திட்டம் நடந்தது. ஓர் இடத்துக்கு 5 கிலோவாட். கடன் இல்லை, இனம் மதம் என்ற பேதமும் இல்லை. கோயில் கூரைக்கு அப்படிச் செய்ய முடிந்தால் தோட்டப் பாடசாலைக் கூரைக்கும், பிள்ளை மடுவத்துக்கும், புதிதாகக் கட்டுகிற தனிவீடுகளுக்கும் செய்ய முடியும். கட்டும்போதே கூரையை அதற்கேற்றபடி கட்டலாம். வருகிற பணத்தை அந்த வீட்டுக்காரரின் பில்லில் கழிக்கலாம். திட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும்.

நாம் எழுதச் சொல்ல வேண்டியவை

ஆகவே இந்தக் கூட்டத்தின் முன் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறோம். விவாதியுங்கள், திருத்துங்கள்.

ஒன்று, தோட்டத்தில் வாழ்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும் தன் பெயரில் தனி மீட்டர். காணி உறுதி இல்லை என்பதைக் காரணமாகச் சொல்லக்கூடாது.

இரண்டு, சக்தி மாற்றத்தின் செலவு எதுவாக இருந்தாலும், குறைந்த பாவனையாளரின் கட்டணம் அதனால் உயராது என்ற உறுதி. 2023 பெப்ரவரி திரும்ப வரக்கூடாது.

மூன்று, தோட்ட நிலத்தில் அணை, மினி ஹைட்ரோ, சோலர், உயர் அழுத்தக் கம்பி எது வந்தாலும், வேலை தொடங்குவதற்கு முன்னர் அங்கே வாழ்கிற மக்களோடு தமிழில் பேச்சு. இடம் மாற வேண்டியிருந்தால் உறுதியோடு வீடும் காணியும். கைக்காசு வேலை செய்கிறவரும், வேலையில் இல்லாமல் லயத்தில் இருக்கிறவரும் கணக்கில் சேர வேண்டும்.

நான்கு, தோட்ட நிலத்திலும் ஓடையிலும் உற்பத்தியாகும் மின்சாரத்தின் வருமானத்தில் ஒரு பங்கு, அந்தத் தோட்ட மக்களின் நலனுக்கு.

ஐந்து, பயிற்சி. சோலர் பூட்டவும் காற்றாடி பராமரிக்கவும் கம்பி இழுக்கவும் ஆட்கள் தேவை. நம்முடைய பிள்ளைகள் சாதாரண தரம் முடித்துக் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் மின்னியல் பாடநெறி தமிழில் நடந்தால், சான்றிதழோடு இங்கேயே வேலை எடுக்கலாம். வகுப்பறையில் நாங்கள் பார்க்கிற பிள்ளைகளுக்குத் திறமை குறைவில்லை. மொழியும் பஸ் காசும்தான் தடை.

இதை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது? பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு என்று ஒன்று இருக்கிறது. மின்கட்டணத்தை மாற்றும்போது அது மக்களின் கருத்தைக் கேட்கிறது. எழுத்திலும் கொடுக்கலாம், மாகாணங்களில் நடக்கிற அமர்வுகளில் நேரே போய்ப் பேசவும் செய்யலாம். நீண்டகாலத் திட்டமும் அந்த ஆணைக்குழுவின் முன்னால்தான் போகிறது. அந்த அமர்வுகளில் கைத்தொழில் அதிபர்கள் பேசுகிறார்கள், ஹோட்டல்காரர்கள் பேசுகிறார்கள், சோலர் கம்பெனிகள் பேசுகின்றன. எல்லோரும் கணக்கோடு வருகிறார்கள். நாமும் கணக்கோடு போக வேண்டும். கண்ணீரை மட்டும் கொண்டுபோனால் அனுதாபப்பட்டு அனுப்பிவிடுவார்கள்.

அதனால் ஒரு வேலை. உங்கள் கையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னர் உங்கள் தோட்டத்தில் ஒவ்வொரு லயத்துக்கும் எழுதிக்கொண்டு வாருங்கள். எத்தனை குடும்பம், எத்தனை மீட்டர், யார் பெயரில், கடைசி மூன்று மாதம் எத்தனை அலகு, எவ்வளவு பில். எழுதத் தெரியாதவர் பிள்ளையிடம் சொன்னால் எழுதித் தரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நல்ல கணக்குப் பாடமும்கூட. மாதர் தலைவியர் இதை முன்னின்று செய்ய வேண்டும். பில் எந்தத் தகர டப்பாவில் இருக்கிறது என்று வீட்டில் அவர்களுக்குத்தான் தெரியும்.

வாசலில் கேட்ட அம்மாவுக்கு இப்போது பதில் சொல்லிவிட்டோம் என்று நம்புகிறோம். அம்மா முன்வரிசையில்தான் இருக்கிறார். தாளை மடித்து இடுப்பில் சொருகியாயிற்று. மற்றவர்களும் மறந்துவிடாமல் எடுத்துக்கொண்டு போங்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் அரைமணிநேரம் இருக்கிறது. கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள்.